அளவான பட்ஜெட்டில் ஒரு சின்ன ஹைஃபை செட்: எதிலிருந்து தொடங்குவது?

வீட்டில் பாட்டு கேட்க அடக்கமாக ஒரு ஹைஃபை செட் வேண்டும்; கையில் இருக்கும் பணமும் அளவானது. இந்த நிலையில் தேட ஆரம்பிப்பவர் கண்ணில் முதலில் படுவது அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்குதான். அது 100, இது 200 என்று உடனே ஒப்பிடத் தொடங்கிவிடுவோம். உண்மையில் அந்த எண்ணுக்குக் கடைசி இடம் கொடுத்தால் போதும். முதலிடம் நீங்கள் உட்காரப்போகும் நாற்காலிக்கு. அங்கிருந்து ஸ்பீக்கர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கும், அறை எவ்வளவு பெரியது, ஸ்பீக்கரை வைக்க எங்கே இடம் இருக்கிறது? ஒரு டேப்பை எடுத்து இந்த மூன்றையும் அளந்துவிட்டால், பாதி முடிவு அப்போதே எடுத்தாகிவிட்டது.

முதலில் செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எந்த செட்டானாலும் மூன்று வேலைகள் நடக்கின்றன. பாட்டு எங்கிருந்தோ வர வேண்டும்: போன், கணினி, சிடி, ரெக்கார்ட், ரேடியோ. அந்த சிக்னல் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப். ஆம்ப் தரும் மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றுவது ஸ்பீக்கர். முதல் இரண்டும் பெரும்பாலும் மின்னணுவியல். இன்று மலிவான சர்க்யூட்டுகள்கூட இந்த வேலையைக் காதுக்குக் குறை தெரியாத அளவுக்குச் செய்துவிடுகின்றன. ஸ்பீக்கரின் கதை வேறு. ஒரு கூம்பும் ஒரு காந்தமும் ஒரு பெட்டியும் சேர்ந்து காற்றைத் தள்ளுகின்றன. கூம்பின் எடை, பெட்டியின் கொள்ளளவு, பலகையின் அதிர்வு எல்லாமே ஒலியில் கலக்கும். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொரு ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம், ஒரு ஆம்புக்கும் இன்னொரு ஆம்புக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது பாதிக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கே ஒதுக்குங்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்ளவே மாட்டேன்.

வாட்ஸ் கணக்கு

இப்போது அந்த வாட்ஸ் எண்ணுக்கு வருவோம். இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது.

ஸ்பீக்கரின் விவரப் பட்டியலில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு வரி இருக்கும். சிறிய ஸ்பீக்கர்களில் அது பெரும்பாலும் 84 முதல் 88 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். ஏறத்தாழ 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அதன் பொருள். 86 என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும்; ஆக 2 மீட்டரில் 80. இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபெல் கூடும், ஆக 83. மூடிய அறையில் சுவர்கள் கொஞ்சம் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இதைவிடச் சற்று அதிகமாகவே கிடைக்கும். சாதாரணமாக இருவர் பேசிக்கொள்ளும் சத்தம் சுமார் 60 டெசிபெல். அப்படியென்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வெறும் 1 வாட் போனாலே, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்ல சத்தம்.

அப்புறம் எதற்கு 30, 40 வாட்ஸ்? திடீர் உச்சங்களுக்காக. ஒரு டிரம் அடி, பாட்டின் சராசரி அளவைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை மேலே எகிறலாம். சராசரி 75 டெசிபெல்லில் கேட்கிறீர்கள் என்றால் உச்சம் 95-ஐத் தொடும். 83-லிருந்து 95-க்குப் போக 12 டெசிபெல் வேண்டும்; அதற்குச் சுமார் 16 மடங்கு சக்தி, அதாவது 16 வாட்ஸ். கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டால் 25 முதல் 40 வாட்ஸ் போதும். சின்ன அறைக்கு அதற்குமேல் தேடி அலைய வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சக்தியை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். அது காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும் அளவு, அவ்வளவே. சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு சக்தி தேவை. ஆகவே 50 வாட்ஸ் ஆம்பை விட்டுவிட்டு 100 வாட்ஸ் ஆம்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பெரிய மாற்றம் எதையும் தராது. ஆனால் 83 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 டெசிபெல் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், ஆம்பின் சக்தியை 4 மடங்காக்கியதற்குச் சமம்.

லேபிளில் போடும் எண்ணும் நேர்மையாக இருக்க வேண்டுமே. பிஎம்பிஓ (உச்ச சக்தி என்று விளம்பரத்துக்குப் போடும் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதற்கு ஒழுங்கான வரையறையே இல்லை. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதிலும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஆல்-இன்-ஒன் செட்டுகளில் "10% டிஎச்டி" என்று போட்டிருப்பது சகஜம்; டிஎச்டி என்பது ஒலிச் சிதைவின் அளவு. ஒலியில் பத்தில் ஒரு பங்கு சிதைந்து, கரகரப்பு நன்றாகவே கேட்கும் நிலையில் அளந்த எண் அது. 1 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்கும்போது அளந்த எண்தான் நீங்கள் உண்மையில் பயன்படுத்தக்கூடியது.

ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் என்ற எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கரில் 6 அல்லது 8 ஓம் என்று இருந்தால் பெரும்பாலான ஆம்புகள் தாராளமாக ஓட்டும். 4 ஓம் என்றால் மட்டும், ஆம்பின் பின்பக்கம் 4 ஓம் அனுமதி உண்டா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ் ஏன் பெரிய பெட்டி கேட்கிறது

சின்ன செட் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாற்றமடையும் இடம் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகள்தான். காரணம் இயற்பியலில் இருக்கிறது, கம்பெனியில் இல்லை. ஒலியின் அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; அலகு ஹெர்ட்ஸ்) பாதியாகக் குறையும்போது, அதே சத்தம் வர 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் கூம்பு 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். 4 அங்குல வூஃபரோடு (பேஸ் தரும் பெரிய கூம்பு) ஒப்பிட்டால் 6.5 அங்குல வூஃபரின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆகவே அது அசைய வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது, சிதைவும் குறைகிறது.

1957-இல் தொடங்கிய கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்து ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் என்பவரைக் குறிக்கும். அவர் பெயரால் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் இன்றும் சொல்லும் விதி ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், உயர்ந்த சென்சிட்டிவிட்டி, இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கைக்கடக்கமான ஸ்பீக்கர் ஒன்று ஆழமான பேஸ் தருகிறது என்றால் அது ஆம்பிடமிருந்து அதிக சக்தியை உறிஞ்சுகிறது, அல்லது பேஸை மின்னணு முறையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பின்னதில், குறைந்த வால்யூமில் பேஸ் பிரமாதமாக இருக்கும். வால்யூமைக் கூட்டக் கூட்ட காணாமல் போகும்.

சரி, உங்களுக்கு எவ்வளவு பேஸ் தேவை? மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 80-க்கு மேல். 55 அல்லது 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கரில் பெரும்பாலான பாடல்கள் நிறைவாகவே ஒலிக்கும். ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வு மெலிந்திருந்தாலும், அதன் மேல் அதிர்வுகளை வைத்துக் காதும் மூளையும் அதை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் 5 அங்குல வூஃபர் உள்ள ஒரு நல்ல ஸ்பீக்கர் குரலையும் வயலினையும் மிருதங்கத்தின் வலந்தலையையும் அவ்வளவு அழகாகத் தரமுடிகிறது. பேஸ் போதவில்லை என்று பிறகு தோன்றினால், பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வசதியாக ஆம்பில் "சப் அவுட்" இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வாங்குங்கள். முதல் நாளே மலிவான சப்வூஃபரோடு வரும் செட்டை வாங்க வேண்டாம் என்பேன். அதில் பணம் சப்வூஃபருக்குப் போய்விடும். குரலைச் சுமக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கும்.

விவரப் பட்டியலில் "40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தம் அதிகமில்லை. பக்கத்தில் "±3 டெசிபெல்" போன்ற வரம்பு இருந்தால்தான், அந்த 40 ஹெர்ட்ஸ் மற்ற ஒலிகளோடு ஈடுகொடுத்துக் கேட்கிறதா, ஏதோ முனகலாக வருகிறதா என்று தெரியும்.

எந்த வகை?

கடையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். ஒற்றைப் பெட்டி ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. சமையலறை மேசைக்கு அது சரி. ஹைஃபைக்குச் சரிவராது, ஏனென்றால் அதில் இடம் வலம் பிரிந்து கேட்காது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே பாடகர் நிற்பதுபோன்ற தோற்றத்தைத் தரும் ஸ்டீரியோ முறைக்கு பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அந்த அனுபவத்துக்கு இரண்டு பெட்டிகள் தள்ளித் தள்ளி இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, சிடி, ரேடியோ, ப்ளூடூத் எல்லாம் ஒரே நடுப்பெட்டியில் இருக்க, கூடவே இரண்டு ஸ்பீக்கர்கள் வரும் மைக்ரோ செட். வசதி அதிகம், ஒரே ரிமோட். இதில் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கரின் பின்பக்கம். சாதாரண ஒயரைச் சொருகும் முனைகள் இருந்தால், பின்னால் நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். தனி வகை ப்ளக் வைத்திருந்தால் கடைசிவரை அதே ஸ்பீக்கர்தான்.

மூன்றாவது ஆக்டிவ் ஸ்பீக்கர். ஆம்ப் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும். தனிப்பெட்டி கிடையாது, பொருத்தம் பார்க்கும் வேலையும் கிடையாது. அந்த ஸ்பீக்கருக்கென்றே ஆம்பை வடிவமைத்திருப்பதால், குறைந்த பட்ஜெட்டில் கொடுக்கும் பணத்துக்கு அதிக ஒலி கிடைப்பது பெரும்பாலும் இதில்தான். குறை: உள்ளே சர்க்யூட் பழுதானால் முழு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மிக அருகில் உட்கார்ந்தால் சிலவற்றில் மெல்லிய "ஸ்ஸ்" சத்தமும் கேட்கும்.

நான்காவது, தனி ஆம்பும் தனி ஸ்பீக்கர்களும். இப்போது வரும் கிளாஸ்-டி ஆம்புகள் மின்சாரத்தைச் சூடாக வீணாக்குவது மிகக் குறைவு என்பதால், கையளவு பெட்டியிலேயே 30, 40 வாட்ஸ் கிடைத்துவிடுகிறது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். பணம் சேரும்போது ஒவ்வொன்றாக மேம்படுத்தலாம். பத்து வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன். மேசையில் இடமில்லை, ஒயர்கள் அதிகம் வேண்டாம் என்றால் ஆக்டிவ்.

எதுவானாலும், வாங்கும் முன் உங்களிடம் இருக்கும் கருவிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற இணைப்புத் துளைகள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டிவியை இணைக்க வேண்டும் என்றால் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி. ரெக்கார்ட் பிளேயர் இருந்தால் போனோ இன்புட், அதாவது ரெக்கார்டின் மெல்லிய சிக்னலை முதலில் பெரிதாக்கிக்கொள்ளும் இணைப்பு. சிடி பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். சாதாரண ரெக்கார்ட் ஊசி தருவதோ 5 மில்லிவோல்ட் அளவுதான், 400-இல் ஒரு பங்கு. போனோ வசதி ஆம்பிலோ பிளேயரிலோ இல்லாவிட்டால் முனகல்தான் கேட்கும். ப்ளூடூத் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். இந்த விலைப் பிரிவில் ஸ்பீக்கரும் அது இருக்கும் இடமும் செய்யும் வித்தியாசத்துக்கு முன் அது சிறிய விஷயம்.

அறையும் ஒரு ஸ்பீக்கர்

நல்ல ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்துவிட்டு, "குரல் தெளிவாக இல்லையே" என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். பேஸ் ஒலி எல்லாத் திசையிலும் பரவும். பின்சுவர் அதைத் திருப்பி அனுப்பும், மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து திருப்பி அனுப்பும். விளைவு, பேஸ் ஊதிப்பெருத்துக் குரலை மூடிவிடும். இதற்குச் செலவில்லாத மருந்து, ஸ்பீக்கரைக் கொஞ்சம் முன்னே இழுப்பதுதான். பெட்டியின் பின்புறம் காற்றுத்துளை இருந்தால் சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். அலமாரியில்தான் வைக்க முடியும் என்றால், துளை முன்பக்கம் உள்ளதையோ துளையே இல்லாத மூடிய பெட்டியையோ வாங்குங்கள். வைக்கும்போது அலமாரியின் முன்விளிம்புவரை இழுத்து வையுங்கள்.

உயரம் முக்கியம். மேலே இருக்கும், உயர் ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் உங்கள் காதுக்கு நேராக இருக்க வேண்டும். உயர் ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ஸ்பீக்கர் தரையில் இருந்தால் அவை உங்கள் முழங்காலுக்குத்தான் போய்ச்சேரும். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக இருந்தால் நல்லது. 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒன்றரை முதல் 2 மீட்டர். டிவியின் இரு பக்கமும் ஒட்டி வைத்தால் ஸ்டீரியோ சுருங்கிவிடும்.

சில பேஸ் சுரங்கள் மட்டும் அளவுக்கு மீறி முழங்குகின்றனவா? அது அறையின் நீளம் செய்யும் வேலை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 3.4 மீட்டர் நீள அறையில் 50 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே சரியாகப் பொருந்தி நின்று அதிரும். சுவரோரம் அது பலமாகவும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் கேட்கும். அதனால் நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டியும் போடாமல், நடுவிலும் போடாமல், இடைப்பட்ட ஓர் இடத்தில் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் நகர்த்தினால் கிடைக்கும் மாற்றம், ஆம்பை மாற்றினால் கிடைக்கும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருப்பதை நீங்களே கேட்பீர்கள். தரை வெறுமையாக இருந்தால் ஒரு தரைவிரிப்பு, சன்னலுக்குக் கனமான திரை. எதிரொலி அடங்கிக் குரல் தெளியும்.

இரவில் மெதுவாகக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். சத்தம் குறையும்போது காதுக்கு பேஸ் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக மங்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஆம்பில் "லவுட்னஸ்" பொத்தானோ பேஸ் திருகியோ இருப்பது அதற்காகத்தான். அடுக்குமாடி வீட்டில், குழந்தை தூங்கும் நேரத்தில் கேட்கிறவர்கள் இது இருக்கும் மாடலைத் தேடி வாங்குவது நல்லது. டோன் திருகிகள் இருப்பது அசல் ரசிகருக்கு இழுக்கு என்று சிலர் பேசுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேட்டுப் பார்ப்பது எப்படி

நன்றாகத் தெரிந்த நான்கைந்து பாடல்களை எடுத்துப் போங்கள். அதில் ஒன்றாவது வாத்தியம் குறைந்த, தனிக்குரல் பாட்டாக இருக்கட்டும். மனிதக் குரலை நாள் முழுக்கக் கேட்கிறோம். அது மூக்கடைத்ததுபோலவோ டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலவோ இருந்தால் காது உடனே சொல்லிவிடும். இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சற்றுக் கூடுதல் சத்தத்தில் பாடுவது எதுவோ அதுவே சிறந்தது என்று காது நம்பிவிடும். போனில் ஒரு டெசிபெல் ஆப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் அரை நிமிடத்தில் பளிச்சென்று கவரும் ட்ரெபிள் (உயர் ஒலி), ஒரு மணி நேரத்தில் தலைவலி தரலாம். அதனால் அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

பெயரையும் விலையையும் மறைத்து வைத்துக் கேட்பது இன்னும் நல்லது. 1980-களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலியியல் ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் இப்படி மறைத்து வைத்து நடத்திய சோதனைகளில் தெரிந்தது இதுதான்: எந்த ஒலியையும் ஏற்றி இறக்காமல் சீராகத் தரும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். பெயர் தெரியாதபோது மனிதர்களின் ரசனை ஒன்றுக்கொன்று வியக்கும் அளவுக்கு ஒத்துப்போகிறது. ஆகவே அளவீட்டோடு வரும் விமர்சனத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கோடு மேடுபள்ளம் குறைவாக இருந்தால், நேரில் கேட்க வாய்ப்பில்லாதபோது அதை நம்பி வாங்கலாம்.

பழைய ஸ்பீக்கர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். நன்றாகப் பராமரித்த ஒரு ஜோடி, அதே பணத்துக்குக் கிடைக்கும் புதியதைவிட ஒரு படி மேலாக இருக்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, நுரையா என்று பாருங்கள். நுரை காலப்போக்கில் பொடிந்துவிடும். ரப்பர் நீண்ட நாள் தாங்கும். கூம்பை இரு பக்கமும் விரல்களால் மெதுவாகச் சீராக அழுத்தினால் சத்தமில்லாமல் உள்ளே போய் வர வேண்டும். உரசும் ஓசை கேட்டால் வேண்டாம். ட்வீட்டர் பாடுகிறதா என்று காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பழைய ஆம்பின் வால்யூம் திருகி கரகரத்தால் அது பெரும்பாலும் தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். சிடி டிராயர், கேசட் டெக் போன்ற சுழலும் பாகங்கள் உள்ள பழைய செட்டை மட்டும் யோசித்து வாங்குங்கள்.

ஒயருக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். நாலைந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் தாராளம். இணைக்கும்போது சிவப்பு முனையிலிருந்து சிவப்புக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் ஒன்றையொன்று அடித்து மறைந்துவிடும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்கும். செட்டே சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இதைச் சோதித்துவிடுங்கள். ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் பேசும் ஒலிப்பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் நேர் எதிரே ஒரு புள்ளியிலிருந்து வந்தால் இணைப்பு சரி. வராவிட்டால் ஒரே ஒரு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளை மட்டும் மாற்றிச் சொருகிவிட்டு மறுபடி கேளுங்கள்.